உதடு மரத்த பிறகு சொன்ன எண்

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில்
பல் பிடுங்க யாரும் வருவதில்லை.
அந்தத் தைரியத்தில்தான்
கார்ப்பரேட்டரைக் கழற்றிக்கொண்டுவந்து
கிளினிக் மேசையில் வைத்தேன்.

எண்பத்து மூன்றாம் வருடப் பத்மினி.
திருப்பூரில் வாங்கியபோது சொன்னபடி கேட்டது.
குஞ்சப்பனை தாண்டியதும் இருமல்.
அரவேணு ஏற்றத்தில் கரும்புகை விட்டு
பின்னால் வந்த பேருந்தின் அத்தனை ஹாரனையும்
எனக்கே வாங்கித் தந்தது.

மேல்மூடிக்கு ஆறு திருகு.
ஐந்து வந்தன.
ஆறாவது, ஞானப்பல்லைப்போல,
வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

கிண்ணத்தின் அடியில் டீத்தூள் மாதிரித் துரு,
முழு உடம்போடு ஒரு கொசு.
மெயின் ஜெட்டின் துளை வட்டமாகவே இல்லை:
எனக்கு முன்னால் யாரோ
குண்டூசி விட்டுக் குடைந்திருக்கிறார்கள்.
பித்தளை, பல்லைவிட மெது.
ஒருமுறை உரசினாலும் அளவு போய்விடும்.
(நான் குறை சொல்லவில்லை.
மற்றவர் அடைத்த பல்லைத் திறக்கும்போதும்
இதே முணுமுணுப்புத்தான்.)

கருவிகளைக் குலுக்கிக் கழுவும் தொட்டியில்
எல்லாவற்றையும் போட்டேன்.
நாளைக்கு லீதியாள் வந்து மூக்கைச் சுளிப்பாள்.
கிராம்புத் தைலம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பத்தரைக்குக் கதவு தட்டப்பட்டது.
போஜன். பச்சைத் தேயிலை லாரி ஓட்டுகிறவர்.
மப்ளருக்குள் ஒரு கன்னம் மட்டும் இரண்டு கன்னம்.
ஊசி போட்டுவிட்டுக் காத்திருந்தோம்.
அவர் கண் மேசைக்குப் போனது.

"மெயின் ஜெட் எத்தனை?"
"நூத்தி முப்பது."
"மலைக்கு ஆகாது டாக்டர்.
இங்க காத்து கம்மி,
பெட்ரோலும் கம்மியாத்தான் குடுக்கணும்.
நூத்தி..."

அதற்குள் உதடு மரத்துவிட்டது.
"...ஞ்ச" என்று மட்டும் ஏதோ வந்தது.
பதினஞ்சா? தலையசைத்தார்.
இருவத்தஞ்சா? அதற்கும் தலையசைத்தார்.
வாயில் பஞ்சை வைத்துவிட்டுக் கேள்வி கேட்பது
எங்கள் தொழிலின் பழைய கெட்ட பழக்கம்.

விரலில் காட்டச் சொல்லியிருக்கலாம்.
தோன்றவில்லை.
பல் இரண்டு வேரோடு வந்தது,
மூன்றாவது உடைந்து, அதைத் தேடி எடுத்து,
பஞ்சைக் கடிக்கச் சொல்லி அனுப்பினேன்.
விரல் ஞாபகம் வந்தபோது
அவர் பேருந்து டானிங்டன் தாண்டியிருந்தது.

உக்கடத்திலிருந்து பஸ்ஸில் வந்த பொட்டலத்தில்
இரண்டு அளவும் இருந்தன,
அரிசி மணி பெரிதாகத் தெரிகிற அளவில்.
கேஸ்கட்தான் இல்லை.
கட்டபெட்டு சர்வேயர் வீட்டுப்
புதுமனைப் புகுவிழா அழைப்பிதழ் நல்ல கனம்.
எண்ணெயில் தோய்த்து வெட்டினேன்.
'தங்கள் வரவை' என்ற இடத்தில்
சரியாக ஓட்டை விழுந்தது.

முதலில் நூற்று இருபத்தைந்து.
அரவேணுவரை இறங்கி, திரும்பி ஏறி,
பிளக்கைக் கழற்றினால் கண்மை.
பனி இறங்கிவிட்டது, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
மறுபடியும் ஆறு திருகு.
நூற்றுப் பதினைந்து.
வண்டி ஒரு தடவை தும்மியது,
பிறகு ஏற்றம் முழுக்க
ஒரு வார்த்தை பேசவில்லை.
பிளக் பிஸ்கட் நிறம்.

செவ்வாய்க்கிழமை தையலைப் பார்க்க வந்தார் போஜன்.
நீங்க சொன்ன எண்தான், என்றேன்,
நூத்திப் பதினஞ்சு, அருமை.

"நான் எங்க சொன்னேன்?
நூத்தின்னு ஆரம்பிச்சேன்,
நீங்க கொறட்டை எடுத்துட்டீங்க.
இன்னும் கொஞ்சம் மருந்து,
இன்னும் கொஞ்சம்னு கெஞ்சினேன்."

சுவரில் பல்வரிசைப் படம்,
எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

"எண் என்னதான் சொல்ல வந்தீங்க?"
கன்னத்தைத் தடவினார்.
"ஞாபகமில்ல டாக்டர்.
என்னோடது டீசல் லாரி."